லினக்ஸ் கணக்குகள்: பெயரை அழித்தாலும் எண் விடாது

ஒரே கணினியை வீட்டில் ஐந்து பேர் பங்குபோட்டு எட்டு வருடம் ஆகிறது. முதலில் உபுண்டு, இப்போது டெபியன்; இரண்டுமே லினக்ஸ் இயங்குதளத்தின் வகைகள். நிர்வாகி நான்தான்.

கணக்கு தொடங்குவதில் பெரிதாக ஒன்றுமில்லை. டெபியனில் ‘ஆட்யூசர்’ என்ற கட்டளை கொடுத்தால் கடவுச்சொல், முழுப்பெயர் எல்லாம் கேட்டுக்கொண்டு ஹோம் அடைவையும் (அந்தப் பயனரின் சொந்தக் கோப்புறை) அதுவே அமைத்துவிடும். ‘யூசர்ஆட்’ அப்படியல்ல. ‘-எம்’ போட மறந்தால் ஹோம் அடைவு கிடையாது. கடவுச்சொல்லையும் தனியாக வைக்க வேண்டும்.

நான் மாட்டிக்கொண்டது குழுக்களில். எந்தப் பயனர் எதைப் பயன்படுத்தலாம் என்ற அனுமதி குழு வழியாகவும் கிடைக்கும். ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகையைக் கணினியோடு இணைத்துப் பயன்படுத்துவதற்காக ‘டயல்அவுட்’ குழுவில் என்னைச் சேர்க்கப் போனேன். ‘யூசர்மாட்’ கட்டளையில் ‘-ஏஜி’ போட வேண்டிய இடத்தில் ‘-ஜி’ மட்டும் போட்டுவிட்டேன். அந்த ‘ஏ’ இல்லையென்றால், ஏற்கெனவே இருந்த கூடுதல் குழுக்களிலிருந்தெல்லாம் பெயர் போய்விடும். நிர்வாகி அதிகாரம் தரும் ‘சூடோ’ குழுவிலிருந்தும் போனது. குழு மாற்றம் அடுத்த உள்நுழைவில்தான் செல்லுபடியாகும் என்பதால் அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் நிர்வாகி வேலைக்காக ‘சூடோ’ கட்டளை போட்டால், எனக்கு அனுமதி இல்லையாம், இந்தச் சம்பவம் புகாரளிக்கப்படுமாம். புகார் போவதும் என்னிடம்தான்! ரெக்கவரி மோடில் (பழுது பார்க்கும் நிலை) ரூட்டாக, அதாவது முழு அதிகாரமுள்ள பயனராக, நுழைந்து சரிசெய்தேன்.

அதைவிடப் பெரிய பாடம் கணக்கை அழித்தபோது கிடைத்தது. ஊருக்குப் போய்விட்ட சித்தப்பா மகனின் கணக்கை ‘யூசர்டெல் -ஆர்’ போட்டு நீக்கினேன். சில மாதம் கழித்து அண்ணன் மகளுக்குப் புதுக்கணக்கு. அவள் பொது வட்டில் நுழைந்து, “இதெல்லாம் என் பெயரில் இருக்கே சித்தப்பா, நான் எழுதவே இல்லையே” என்றாள். அவன் பூட்டி வைத்திருந்த கோப்புகள்கூட அவளுக்குத் திறந்தன.

காரணம் எளிது. கோப்பில் பதிவாகியிருப்பது பெயர் அல்ல, பயனர் எண். ‘-ஆர்’ ஹோம் அடைவையும் அஞ்சல்பெட்டியையும்தான் நீக்கும், மற்ற இடங்களில் கை வைக்காது. சாதாரணப் பயனர்களுக்கு எண்கள் 1000லிருந்து தொடங்கும். அவனுடையது 1004. காலியான அந்த எண்ணையே கணினி அவளுக்குக் கொடுத்துவிட்டது.

அதன்பின் யார் கணக்கையும் அவசரப்பட்டு அழிப்பதில்லை, முடக்குவதோடு சரி. அதிலும் ‘பாஸ்வேர்ட் -எல்’ போதாது. அது கடவுச்சொல்லை மட்டும்தான் பூட்டும், எஸ்எஸ்ஹெச் சாவி (கடவுச்சொல்லுக்குப் பதிலாக, வேறு கணினியிலிருந்து நுழைய உதவும் கோப்பு) வைத்திருப்பவர் நுழைந்துவிடலாம். ‘யூசர்மாட்’டில் காலாவதித் தேதியை 1 என்று கொடுத்துவிடுகிறேன்; 1970 ஜனவரி 1க்குப் பின் ஒரு நாள் என்று பொருள். 1970 ஜனவரி 2ஆம் தேதியோடு காலாவதியான கணக்கில் யார் நுழைவது?

அழித்தே ஆகவேண்டுமென்றால், முதலில் ‘ஃபைண்ட்’ கட்டளையில் அந்த எண்ணைக் கொடுத்து வட்டு முழுக்கத் தேடிப் பார்க்கிறேன்.

அண்ணன் மகளுக்கு ‘யூசர்மாட் -யூ’ மூலம் 1010 என்று மாற்றிக் கொடுத்தேன். அவள் ஹோம் அடைவுக்குள் இருந்தவை தாமாகவே புது எண்ணுக்கு மாறின. வெளியே இருந்த அவன் கோப்புகள் மாறவில்லை. இப்போது கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ் -எல்’ போட்டால் அவற்றின் உரிமையாளர் இடத்தில் பெயரில்லாமல் 1004 என்று மட்டும் நிற்கிறது.