கச்சேரிக்குப் போட்டுப் போகும் இயர்பிளக்

நேரடி இசை நிகழ்ச்சிக்குக் கிளம்பும்போது எந்த ஜாக்கெட்டுக்கு எந்தக் கம்மல் என்று பார்த்துப் பார்த்து எடுப்பவள் நான். இப்போது காதுக்குள் செருகிச் சத்தத்தைக் குறைக்கும், ஒலி வடிகட்டி பொருத்திய சிலிகான் இயர்பிளக்கும் அதோடு சேர்ந்துவிட்டது.

சாதாரண ஃபோம் அடைப்பான் போட்டால், போர்வைக்குள் படுத்துக்கொண்டு பாட்டுக் கேட்பது போல இருக்கும். அது உச்ச சுருதி ஒலிகளைத்தான் அதிகம் விழுங்குகிறது. டிரம்ஸின் சிம்பலும் பாடகியின் மூச்சும் காணாமல் போய், அடி ஒலியான பேஸ் மட்டும் மிஞ்சும். சிலிகான் வகையில் சின்னத் துளைக்குள் வடிகட்டி இருப்பதால் எல்லா ஒலிகளும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைகின்றன. கிதாரின் நுணுக்கம் அப்படியே கிடைத்தது. எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.

காதைக் காக்க, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியாஷ் (NIOSH). ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்! ஸ்பீக்கர் பக்கத்தில் நிற்பவர்களுக்கு அந்த அளவு சர்வசாதாரணம்.

குறையும் உண்டு. கூடவே பாடினால் சொந்தக் குரல் தலைக்குள் முழங்குகிறது, தாடை அசைய அசைய பிளக் தளர்கிறது. பெரிய வளையம் போடுபவர்கள் முதலில் பிளக்கைப் பொருத்திவிட்டு, அப்புறம் வளையத்தை மாட்டுங்கள்.

நிறம்? கறுப்பு எடுங்கள், எல்லா உடைக்கும் போகும். பல அளவு நுனிகளோடு வரும் பெட்டியாகப் பாருங்கள். என் இரண்டு காதுக்கும் வேறு வேறு அளவுதான் பொருந்தியது.