மாத்திரையா, உணவா: கர்ப்பகாலத்துக்கு எது போதும்?

இந்திய அரசின் திட்டப்படி, நான்காம் மாதத்திலிருந்து 180 நாள்களுக்குக் கர்ப்பிணிகளுக்கு வழங்கப்படும் சிவப்பு மாத்திரை ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. இந்த அளவு இரும்பை உணவால் மட்டும் ஈடுகட்டுவது கடினம். ஒரு கிண்ணம் முருங்கைக்கீரைப் பொரியலிலிருந்து கிடைப்பது சில மில்லிகிராமைத் தாண்டாது, அதிலும் உடல் கிரகிப்பது சிறு பங்கே. ஃபோலிக் அமிலத்தின் நிலையும் இதுவே: கருவின் மூளையும் தண்டுவடமும் ஆகப்போகும் நரம்புக்குழாய், ஃபோலிக் அமிலத்தின் உதவியோடு, கருத்தரித்த 28 நாள்களுக்குள், பலருக்குக் கர்ப்பமே உறுதியாகாத நேரத்தில், மூடிவிடுவதால், கருத்தரிக்கும் முன்பே அதைத் தொடங்குமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். இவ்விரண்டிலும் மாத்திரையே மேல் என்பேன்.

ஆனால் மாத்திரையில் புரதமும் இல்லை, நார்ச்சத்தும் இல்லை, சொல்லத்தக்க கலோரியும் இல்லை. கூடுதலாகத் தேவைப்படும் சுமார் 350 கலோரியைத் தருவது ஒரு முட்டை, ஒரு கிண்ணம் பருப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை போன்றவைதாம். மத்தி மீனில் உள்ள ஒமேகா-3 என்னும் நல்ல கொழுப்பு பல சத்து மாத்திரைகளில் சேர்க்கப்படுவதே இல்லை. மாத்திரை போடுகிறோமே என்று காலை உணவைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

மாத்திரையை விழுங்கும் முறையும் முக்கியம். காபியோடு எடுத்தால் இரும்பு வீணாகும். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்கு சேரும். கால்சியம் மாத்திரையை இரும்போடு சேர்க்காமல் வேறு வேளையில் எடுக்க வேண்டும். மலம் கறுத்துப்போவதைக் கண்டு பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பின் வழக்கமான விளைவு, ஆபத்தன்று.