மாமியின் கடைசி மாதங்களில் வீடு தேடி வந்த நோவு தணிப்புச் சேவை

நோவு தணிப்புச் சேவையின் தாதி, நாங்கள் மிஸ்ஸி என்று கூப்பிடுகிறவர், முதன்முதலாக எங்கள் படலையைத் திறந்து வந்த நாட்களில், மாமி கிடந்த அறைக்குள் சொந்தக்காரர்கூட நுழைவதில்லை. வெற்றிலை போட்ட வாயில் வந்த புற்றுநோய். கன்னத்துப் புண் வெளியே உடைத்து நாறியது. மிஸ்ஸி மூக்கைப் பொத்தவில்லை. கட்டிலிலேயே இருந்து, ஒட்டிப்போன துணியை உப்புத்தண்ணீர் விட்டு ஊறவைத்து மெல்லக் கழற்றினார். மெற்றோனிடசோல் குளிசையைக் கரண்டியால் நசித்துத் தூளாக்கிப் புண்ணில் தூவினார். ஒரு கிழமைக்குள் நாற்றம் அடங்கியது. என் மகன் திரும்பவும் அப்பம்மாவின் காலடியில் இருந்து படிக்கத் தொடங்கினான். இந்தச் சேவையில் எனக்குக் குறைகள் உண்டு. ஆனால் முதலில் இதைத்தான் சொல்லவேண்டும்.

எங்கள் ஊர் மல்லாவியிலிருந்து உள்ளே, வவுனிக்குளத்துப் பக்கம். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் விடியமுன் ஓட்டோவில் மாங்குளம், அங்கிருந்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம், அப்புறம் இன்னொரு பஸ். கச்சான் பிடுங்கும் காலத்தில் ஒரு நாள் போனால் அன்றைய கூலியும் போய்விடும். காசுள்ளவர்கள் வீட்டுக்குத் தாதி வைத்துக்கொள்வார்கள். எங்களுக்கு இந்தச் சேவைதான், ஒரு சதம் வாங்கவில்லை. இப்படிப்பட்ட பராமரிப்புத் தேவைப்படுகிறவர்களில் உலகம் முழுவதும் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மண்வீதியின் கடைசி வீடு அந்தக் கணக்குக்குள் வந்தது எங்கள் அதிர்ஷ்டம். அது அதிர்ஷ்டமாக இருக்கக்கூடாது.

மோர்பின் பாணி என்றதும் அயலட்டை எல்லாம் பயந்தது. "பழகிப்போகும்", "சாகக் குடுக்கிற மருந்து" என்றார்கள். மிஸ்ஸி என் கையில் ஊசியில்லாத சிரிஞ்சைத் தந்து, எத்தனையாவது கோடு வரை இழுப்பது என்று காட்டினார். நோ வரும்வரை காத்திருக்கக் கூடாது, நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மணி பார்த்துக் கொடுக்கவேண்டும். இந்த மருந்துக்கு மலம் இறுகும், அதனால் முதல் நாளே அதற்கும் சேர்த்து மருந்து. நான் சுவரில் கரியால் நேரம் எழுதி வைத்தேன். நாலாம் நாள் மாமி கஞ்சி கேட்டார்.

ஆனால் மாமியின் நோ புண்ணில் மட்டும் இல்லை. அவருடைய மகன், என் கணவர், போர் முடிந்த 2009 மே 18 வட்டுவாகலில் இராணுவத்திடம் கையளிக்கப்பட்டவர். இன்றுவரை தகவல் இல்லை. "நான் செத்தா அவன் வந்து ஆரைக் கேப்பான்?" என்று மாமி இரவிரவாகக் கேட்பார். மிஸ்ஸி ஆறுதல் வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. "அவருக்கு என்ன கறி பிடிக்கும் அம்மா?" என்று கேட்டார். மாமி விரால் குழம்பிலிருந்து தொடங்கினார். அடுத்தமுறை மிஸ்ஸி அப்பியாசக் கொப்பி ஒன்றோடு வந்து, "மகனுக்குச் சொல்லுறதைச் சொல்லுங்கோ, எழுதித் தாறன்" என்றார். ஒன்றரைப் பக்கம் வந்தது. மாமி பெருவிரல் அடையாளம் வைத்தார். அந்தத் தாள் இப்போது றங்குப்பெட்டிக்குள், என் கணவரின் சேட்டுக்கு மேலே இருக்கிறது. அதற்குப் பிறகு மாமி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

செத்தவீட்டுச் செலவுக்கு உதவி கேட்டு நான் போன ஓர் அலுவலகத்தில், கணவரின் மரணச் சான்றிதழைக் கொண்டுவா என்றார்கள். 2016இல் சட்டம் திருத்தி, மரணச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமற்போனதற்கான சான்றிதழ் எடுக்க வழி செய்தார்கள்தான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு அது தெரியவில்லை. 2017 பெப்ரவரி 20இலிருந்து காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பதில் கேட்டுக் கிளிநொச்சியில் வீதியோரம் போராட்டம் இருந்த தாய்மாரில் எத்தனையோ பேர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அவர்களின் கடைசி நாட்களில் இப்படி ஒரு பிள்ளை கொப்பியோடு போய் இருந்ததா என்று அடிக்கடி நினைப்பேன். மோர்பின் கொடுக்கத் தெரிந்து இதைக் கேட்கத் தெரியாவிட்டால், வன்னியில் அது அரைச் சேவைதான்.

சரி, குறைகள். இரவில் யாரும் இல்லை. மாமிக்கு மூச்சு இழுத்த இரவு தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை; நானும் மகனும்தான் தனியே தலைமாட்டில் இருந்தோம். சனி, ஞாயிறும் வருவதில்லை, கூலிக்குப் போகிற எங்களைப் போன்றவர்கள் வீட்டில் நிற்கிற நாட்களே அவைதான். கார்த்திகையில் குளம் வான் பாய்ந்து ஒன்பது நாள் வீதி அடைபட்டது, மருந்து முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. மாரிக்கு முன்னரே கூடுதலாக மருந்து தர ஒரு ஏற்பாடு கட்டாயம் வேண்டும். மன ஆறுதலுக்கென்று தனியாக ஆள் இல்லை. அதுவும் அந்த ஒரு மிஸ்ஸியின் தலையில்தான். அவர் மாற்றலாகிப் போனால் என்ன செய்வார்கள்?

கொள்ளி வைத்தது பேரன். அந்தியேட்டி முடிந்து மூன்றாம் மாதம் மிஸ்ஸி ஒருநாள் வந்தார். மாமியின் சாமான் ஏதும் எடுக்க வந்தாரோ என்று நினைத்தேன். "உங்களைத்தான் பாக்க வந்தனான். நித்திரை வருதோ?" என்று கேட்டார். இத்தனை வருடத்தில் என்னிடம் அதை ஒருவரும் கேட்டதில்லை. தேத்தண்ணி ஆறும்வரை அழுதேன். அவர் அவசரப்படவில்லை.

இந்தச் சேவை வேண்டுமென்றால் நீங்களாகத்தான் கேட்கவேண்டும். கிளினிக் கொப்பியைக் காட்டி, வீட்டுக்கு வந்து பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். புற்றுநோய்க்கு மட்டும் என்று நினைக்கவேண்டாம், சிறுநீரக நோயாளருக்கும் இது உரியது. கடைசிக் கட்டம் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். நாங்கள் இரண்டு மாதம் பிந்திக் கேட்டோம். அந்த இரண்டு மாதமும் மாமி நோவோடு கிடந்தார்.