அவசர மருத்துவச் சேவை: துணைப்பாடமாகப் படித்து முடித்தவனின் மதிப்பீடு

கட்டுமானப் பொறியியலை முதன்மைப் பாடமாக எடுத்த நான், அவசர மருத்துவச் சேவையைத் துணைப்பாடமாகத் தேர்ந்தெடுத்தபோது, உறவினர்கள் பலரும் "ஆம்புலன்ஸ் ஓட்டப் போகிறாயா?" என்றே கேட்டார்கள். ஐந்து பாடத்தொகுதிகளையும் முடித்துவிட்ட நிலையில், அடுத்து எடுக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இதைப் படித்ததால் எவரும் துணை மருத்துவராகிவிட முடியாது. சிங்கப்பூரின் அவசர மருத்துவ உதவி எண்ணான 995ஐ ஒருவர் அழைத்த நொடி முதல் நோயாளி மருத்துவமனையின் அவசரப் பிரிவை அடையும் வரை என்னென்ன நடக்கின்றன, ஏன் அந்த வரிசையில் நடக்கின்றன என்பதே பாடம்.

இதய நிறுத்தத்தைப் பற்றிய தொகுதி மிகச் சிறப்பாக அமைந்திருந்தது. நெஞ்சை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும் என்பது முதலுதவி வகுப்புக்குச் சென்ற யாருக்கும் தெரியும். ஆனால், உதவி கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது என்ற கணக்கைப் பார்த்த பிறகுதான், அழைப்பை எடுப்பவர் தொலைபேசியிலேயே சிபிஆர் (நெஞ்சை அழுத்தி இரத்த ஓட்டத்தைத் தொடரச் செய்யும் முதலுதவி) செய்யச் சொல்லிக்கொடுப்பதும், ஆம்புலன்ஸ் சேவையை நடத்தும் குடிமைத் தற்காப்புப் படை 2015இல் மைரெஸ்பாண்டர் செயலியைக் கொண்டுவந்து 400 மீட்டருக்குள் இருக்கும் பொதுமக்களை உதவிக்கு அழைத்ததும் எனக்கு முழுமையாக விளங்கின. வாகனம் எவ்வளவு விரைந்து வந்தாலும், அடுக்குமாடிப் புளோக்கின் அடியில் நின்று மின்தூக்கிக்குக் காத்திருக்கும் நேரமும் அந்தக் கணக்கில் சேரும். மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி தாறுமாறாகத் துடிக்கும் இதயத்திற்குத்தான் பயன்படும், திரையில் நேர்கோடாகிவிட்ட இதயத்தை அதனால் எழுப்ப முடியாது என்று அறிந்த நாள் முதல் நம் படங்களின் மருத்துவமனைக் காட்சிகளை நான் நிம்மதியாகப் பார்த்ததில்லை.

பேரிடர்த் தொகுதி என்னைப் போன்ற பொறியியல் மாணவனுக்கு இரட்டிப்பு லாபம். சிராங்கூன் சாலையும் ஓவன் சாலையும் சந்திக்கும் இடத்தில் 1986 மார்ச் 15 அன்று ஹோட்டல் நியூ வேர்ல்டு இடிந்து விழுந்து 33 பேர் இறந்ததையும், 17 பேர் உயிரோடு மீட்கப்பட்டதையும் நாங்கள் விரிவாக ஆராய்ந்தோம். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் கணக்கிடாமல் விட்டது முதன்மைப் பாடத்தில் நான் ஏற்கெனவே படித்த செய்தி. இடிபாட்டில் நெடுநேரம் நசுங்கிக் கிடந்த காலை விடுவித்தவுடன், சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியம் இரத்தத்தில் கலந்து இதயத்தையே நிறுத்திவிடக்கூடும் என்பதும், அதனால் இயன்றவரை விடுவிக்கும் முன்பே இரத்தக் குழாய் வழியாகத் திரவம் ஏற்றுகிறார்கள் என்பதும் எனக்குப் புதியவை. தூணைப் பற்றி மட்டுமே யோசித்தவனுக்கு அதன் அடியில் இருப்பவரைப் பற்றி யோசிக்க இத்தொகுதி கற்றுக்கொடுத்தது.

குறை என்று சொன்னால், பயிற்சிக்காகப் போலி நோயாளிகளாக நடித்த அனைவரும் தெளிவான ஆங்கிலத்தில், நெஞ்சில் பாரம் வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது, வலி இடக்கைக்குப் பரவுகிறது என்று பாடநூல் வரிசை மாறாமல் ஒப்பித்தார்கள். என் பாட்டி அப்படிச் சொல்லமாட்டார். "வாயு பிடிச்சிருக்குப்பா, ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாயிடும்" என்பார். இன்னும் சிலர் "நெஞ்சு கரிக்குது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், மூத்தோர் தம் மொழியில் வலியை எப்படிச் சொல்வார்கள் என்பதற்கு ஒரு வகுப்புகூட ஒதுக்கப்படவில்லை. பின்னூட்டப் படிவத்தில் இதைக் குறிப்பிட்டேன், பதில் வரவில்லை.

புள்ளியியல் தொகுதி சுமார்தான். செய்முறை நேரமும் போதாது. பன்னிரண்டு பேருக்கு இரண்டு பொம்மைகள் என்றால், அழுத்தியதைவிட வேடிக்கை பார்த்ததே அதிகம். சிபிஆர், ஏஇடி சான்றிதழ் இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், முதலாம் ஆண்டிலேயே அதைப் பெற்றவர்கள் பட்டம் வாங்கும் முன் மீண்டும் தேர்வு எழுத வேண்டியிருக்கும். மூன்றாம் ஆண்டில் எடுப்பதே சிக்கனம். பேரிடர்த் தொகுதியில் இடங்கள் விரைவில் நிரம்பிவிடுகின்றன. பதிவு தொடங்கும் நாளன்றே முதலில் அதற்குப் பதிந்துவிடுங்கள்.