செக்யூரிட்டி கீ வாங்கலாமா? ஏற்காட்டிலிருந்து ஒரு புலம்பல்

சேலத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் என் சாவிக்கொத்தைப் பார்த்துவிட்டு, "இது ஆடிட்டர் வெச்சிருக்குற டிஎஸ்சி டோக்கன் தானே?" என்றார். இல்லை, அது வேறு, இது வேறு. அது ஆவணங்களில் டிஜிட்டல் கையெழுத்துப் போட; இது செக்யூரிட்டி கீ, பாஸ்வேர்டு அடித்த பிறகு ‘நான்தான்’ என்று நிரூபிக்கக் கம்ப்யூட்டரில் செருகும் சின்னச் சாவி. வாங்கலாமா என்று அவர் கேட்டதற்குத்தான் இந்தப் பதிவு.

நான் காபித் தோட்டத்தில் கணக்கு பார்ப்பவன். நாகலூர் பக்கம் மழை பிடித்தால் கரண்ட் போகும், பின்னாடியே டவரும் போகும். இன்வெர்ட்டரில் ஓடும் பிராட்பேண்ட் மட்டும் மிச்சம். கீக்கு பேட்டரியும் வேண்டாம், சிக்னலும் வேண்டாம்; செருகி விரலால் தொட்டால் மெயில் திறந்துவிடும். ஜீப்பில் விழுந்து மிதிபட்டும் இன்னும் உழைக்கிறது.

ஆனால் நான் அசந்துபோனது வேறு விஷயத்தில். மிளகு அறுவடை சமயம், "விலைப் பட்டியல்" என்று ஒரு மெயில். லிங்க்கைத் தட்டினால் அச்சு அசல் கூகுள் லாகின் பக்கம். ஆபீஸ் பையன் பாஸ்வேர்டை அடித்தேவிட்டான். கீயைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறான், ஒன்றும் நடக்கவில்லை. தள முகவரி கூகுளுடையதாக இல்லாவிட்டால் கூகுளுக்கான டிஜிட்டல் கையெழுத்தை, அதாவது ‘இவர்தான்’ என்ற சான்றை, கீயிடம் வாங்க பிரவுசர் விடாது. ஓடிபியாக இருந்திருந்தால் அதையும் அடித்துக் கொடுத்திருப்பான், மகராசன். 85,000க்கும் மேற்பட்ட தன் ஊழியர்களில் ஒருவருடைய அலுவலகக் கணக்குகூட 2017 தொடக்கத்திலிருந்து ஃபிஷிங்கில் (இப்படிப் போலிப் பக்கம் காட்டி ஏமாற்றுவதில்) பறிபோகவில்லை என்று கூகுள் 2018இல் சொன்னது. காரணம் இந்தக் கீதான்.

ஒரு எச்சரிக்கை: கீயைப் பதிந்த கையோடு எஸ்எம்எஸ்ஸில் ஓடிபி வாங்கி நுழையும் வழியை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் திருடன் அந்த வழியாகத்தான் வருவான். அப்படி எடுத்தால், முதல் கீ தொலைந்தாலும் உள்ளே போக இரண்டாவது கீ ஒன்று கட்டாயம், அதாவது செலவு இரட்டிப்பு.

இனி வயிற்றெரிச்சல். எங்கள் வங்கி இந்தக் கீயை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஆள்கூலி போட வேண்டும், ஆட்கள் களத்து மேட்டில் காத்திருப்பார்கள். நெட் இருக்கும், கீ இருக்கும், ஓடிபி மட்டும் வராது. போனோடு மேட்டுக்கு ஏறி ஒரு கோடு சிக்னல் பிடித்து, ஓடிபி வந்து, இறங்கி வருவதற்குள் அது காலாவதி. டவர் இல்லாவிட்டாலும் வைஃபை வழியாகப் போன் வேலை செய்யும் வைஃபை காலிங் போட்டும் பார்த்தாயிற்று, ஓடிபி வந்தால் வரும். கிளையில் கேட்டால், "சார், சிம்ம மாத்திப் பாருங்க" என்கிறார்கள். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளோ எஸ்எம்எஸ் தவிர மற்ற வழிகளுக்கும் இடம் கொடுக்கின்றன. இவர்களுக்கு மனசு வரவில்லை.

அதனால் நண்பரே, வாங்காதீங்க. உங்கள் பிழைப்பு வங்கியிலும் ஜிஎஸ்டியிலும். இரண்டும் இதைச் சீந்தாது. மெயிலுக்குப் போனிலேயே பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் பூட்டைத் திறந்தே உள்ளே போகும் வழி) போட்டுக்கொள்ளுங்கள், பைசா செலவில்லை, போலிப் பக்கத்திடம் அதுவும் ஏமாறாது.

என்னுடையது தொலைந்தால்? மறுநாளே இன்னொன்று ஆர்டர் போடுவேன்.