அலவாங்கா ஓகரா, ஈயமா சோனாரா: உறைந்த ஏரியில் எது கைகொடுக்கும்?

கனடாவின் டொராண்டோவில், ஸ்கார்பரோவிலிருந்து வடக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் சிம்கோ ஏரி. ஜனவரி பிறந்து குளிர் நன்றாகப் பிடித்துவிட்டால், கோடையில் படகு ஓடுகிற அதே தண்ணீருக்கு மேலே சனம் நடந்து போய்த் துளை போட்டு மீன் பிடிக்கும். விடியற்காலை ஆறரை மணிக்குக் கரையில் நின்று பாருங்கள். ஒரு பக்கம் ஐஸில் துளை போடும் பேட்டரி ஓகர் 'ர்ர்ர்' என்று இறங்குகிறது. இன்னொரு பக்கம் ஒரு வயதானவர் இரும்புக் கம்பியால் 'டங், டங்' என்று ஐஸைக் குத்திக் குத்தி நடந்து போகிறார். இரண்டு சத்தமும் கேட்டு வளர்ந்த ஆள் இல்லை நான். பத்துக் குளிர்காலமாகத்தான் போய்வருகிறேன். ஆனாலும் புதிதாக வருகிற நம்மவர்கள் ஒவ்வொருவரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தப் புதுச் சாமான்களுக்குக் காசு கொடுக்கத்தான் வேண்டுமா, பழையதே போதுமா?

என் அனுபவத்தில் பழைய சாமான்கள் ஐஸைப் பற்றிச் சொல்லும், புதியவை மீனைப் பற்றிச் சொல்லும். ஏரிமேல் நிற்கிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது ஐஸ். மீன் அதற்கு அப்புறம். கீழே நான் சொல்கிற தீர்ப்புகள் எல்லாம் இந்த வரிசையில்தான் வரும்.

துளை போடுவது

அந்த வயதானவர் கையில் இருந்த கம்பியை இங்கே ஸ்பட் பார் என்பார்கள். பார்த்தால் நம் ஊர் அலவாங்கு, தமிழ்நாட்டில் சொல்கிற கடப்பாரை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, நுனி உளி மாதிரி. வடக்கே இனுயிட் மக்களிடம் இதன் பெயர் தூக். எலும்பு, கொம்பு நுனி வைத்த காலத்திலிருந்து இரும்பு நுனி வரை அதே கருவி, அதே வேலை.

இதை வைத்துத் துளை போடலாம். ஆனால் முப்பது சென்டிமீட்டர் ஐஸைக் குத்தித் திறப்பதற்குள் தோள் கழன்றுவிடும், முகமெல்லாம் தெறிக்கும். இதன் உண்மையான வேலை வேறு. ஓர் அடி எடுத்து வைக்குமுன் முன்னால் இரண்டு பலமான குத்து. கெட்டியான, தெளிந்த கறுப்பு ஐஸ் என்றால் கம்பி துள்ளும், சத்தம் மணி மாதிரி வரும். உள்ளே சிதைந்த ஐஸ் என்றால் 'தொப்' என்று செத்த சத்தம். ஒரே குத்தில் தண்ணீர் வந்தால் திரும்பி, வந்த தடத்திலேயே நடக்க வேண்டும். நடந்து போக 10 சென்டிமீட்டர் தெளிந்த ஐஸ் வேண்டும், ஸ்னோமொபைல் என்ற பனி வண்டிக்கு 12 முதல் 15, சின்னக் காருக்கு 20 முதல் 30 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பனி விழுந்து ஊறி உறைந்த வெள்ளை ஐஸுக்கு வலிமை ஏறக்குறைய பாதிதான், அதனால் தடிப்பு இரண்டு மடங்கு வேண்டும். 2023-24 குளிர்காலம் கனடாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது. அப்படிப்பட்ட வருடங்களில் ஒரே வளைகுடாவில் இங்கே இருபது சென்டிமீட்டர், ஐம்பது அடி தள்ளி ஐந்து என்று இருக்கும். எந்தத் திரையும் அதை உங்கள் கால் படுமுன் சொல்லாது. கம்பி சொல்லும்.

அடுத்தது ஓகர். தச்சர் வைத்திருக்கும் துறப்பணத்தைப் பெரிதாக்கி, கீழே இரண்டு அலகு வைத்தது போல இருக்கும். கையால் சுற்றுகிற நல்ல ஓகருக்கு சுவீடனின் மோரா நகரம் பெயர் போனது. அலகு கூராக இருந்தால் ஆறு அங்குலத் துளை இரண்டு நிமிடத்துக்குள் வந்துவிடும். மழுங்கிவிட்டால் சுற்றிக்கொண்டே நிற்க வேண்டியதுதான். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை: எட்டு அங்குலத் துளைக்கு வெட்ட வேண்டிய ஐஸ், ஆறு அங்குலத்தை விட கிட்டத்தட்ட முக்கால் பங்கு கூடுதல். மஞ்சள் பேர்ச் என்ற சின்ன மீனைப் பிடிக்க ஆறு தாராளம். லேக் ட்ரவுட் என்ற பெரிய மீனைத் தேடுகிறவருக்குத்தான் எட்டு.

பெட்ரோல் ஓகர் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். பாரம், புகை, கையெல்லாம் பெட்ரோல் வாசம், அந்தக் கையால் இரை கோர்க்க வேண்டும். லித்தியம் பேட்டரி ஓகர் வந்ததும் அதை வாங்க ஒரு காரணமும் மிஞ்சவில்லை. வீட்டில் இருக்கிற பலமான பேட்டரி ட்ரில்லிலேயே மாட்டுகிற எடை குறைந்த ஓகரும் உண்டு. துளையை விட அகலமான ஒரு வட்டத் தட்டை மேலே மாட்டாமல் விட்டால், பிடி கழன்ற நேரம் ஓகர் ஏரிக்குள் போய்விடும். என்னுடையது அப்படிப் போனது. ஒரு குமிழி கூட வரவில்லை.

ஆக, ஒரு நாளில் இருபது முப்பது துளை போட்டு மீனைத் தேடி நடக்கிறவருக்கு பேட்டரி ஓகர் கொடுத்த காசுக்கு மேல் உழைக்கும். ஐஸ்மேல் வைத்த வாடகைக் குடிலில் இரண்டு துளைக்கு முன்னால் உட்காருகிறவருக்குக் கை ஓகரே போதும். இரண்டு பேர் கையிலும் அலவாங்கு இருக்க வேண்டும்.

அடியில் என்ன நிற்கிறது

அத்தான் போன வருடம், ஒலியலையால் மீனைத் திரையில் காட்டும் நேரடி சோனார் வாங்கினார். கார்மின் நிறுவனம் 2018இல் லைவ்ஸ்கோப் என்று கொண்டுவந்த பிறகு பரவிய வகை. பேட்டரியோடு சேர்த்தால் இரண்டாயிரம் டாலருக்கு மேல். ஒரு கம்பின் நுனியில் இருக்கும் கருவியைத் துளைக்குள் இறக்கி, கம்பை மெதுவாகத் திருப்பினால், நேர் கீழே மட்டுமல்ல, பக்கவாட்டிலும் பல மீட்டர் தூரத்துக்கு மீன் நீந்துவது திரையில் அசைந்து தெரியும். "தம்பி, இஞ்ச பார், அந்தப் பக்கம் ஒரு கூட்டம் நிக்குது" என்றார். போய்த் துளை போட்டோம். நின்றது.

இதற்கு முந்திய தலைமுறை ஃப்ளாஷர். வட்ட முகத்தில் வண்ணக் கோடுகள் மின்னும். ஒலியலை ஒரு கூம்பு போலக் கீழே போய்த் திரும்பி வருகிறது. பலமான எதிரொலி சிவப்பு, மெலிந்தது பச்சை. இருபது பாகைக் கூம்பு என்றால் பத்து மீட்டர் ஆழத்தில் சுமார் மூன்றரை மீட்டர் அகலமுள்ள வட்டம்தான் தெரியும். ஆனால் உங்கள் தூண்டில் ஒரு கோடாகத் தெரியும், அதை நோக்கி இன்னொரு கோடு எழும்பி வரும். அந்த நேரம் மூச்சு தானாக நின்றுவிடும். மினசோட்டாவின் டேவ் ஜென்ஸ் போன்றவர்கள் 1980களில், ஒரே துளையில் உட்காராமல் ஃப்ளாஷரோடு துளைக்குத் துளை நகர்கிற முறையைப் பரப்பினார்கள். இன்றைய ஐஸ் மீன்பிடிப்பின் நடைமுறையே அதுதான்.

இதற்கெல்லாம் முன்னால்? தங்கூசி என்ற தூண்டில் நூலின் நுனியில் ஓர் ஈயக்குண்டு. தரை தட்டியதும் நூல் தளரும், அங்கே ஒரு முடிச்சு. அதற்கு ஓர் அடி மேலே தூண்டில். ஆழம் தெரியும், தரை சேறா கல்லா என்பதும் விரலுக்குத் தெரியும். சேறு என்றால் ஈயம் இழுபட்டு வரும், கல் என்றால் 'டொக்' என்று தட்டும். மீன் நிற்கிறதா என்று மட்டும் தெரியாது.

அதற்குத்தான் இடம் தெரிந்திருக்க வேண்டும். சிம்கோவும் கூச்சிச்சிங் ஏரியும் சேரும் அதர்லி இடுக்கில், மரக்குச்சிகளை நட்டு மீனை மறித்த வேலிகளின் மிச்சம் தண்ணீருக்கடியில் இன்னும் இருக்கிறது. வயது சுமார் 5000 ஆண்டு. மீன் எந்த வழியாகப் போயே தீர வேண்டும் என்று தெரிந்தவர்கள் நட்ட குச்சிகள் அவை. இன்னொரு வழி இருட்டு. தெற்கே குக்ஸ் வளைகுடாவில் ஆழம் குறைவு, களை நிறைய. ஏரிக்குள் தண்ணீரை வடிகட்டும் வரிக்குதிரை மட்டிகள் வந்த பிறகு தண்ணீரும் தெளிந்துவிட்டது. குடிலின் துணியை இழுத்து வெளிச்சத்தை அடைத்துவிட்டுத் துளைக்குள் குனிந்தால், மூன்று மீட்டர் கீழே பேர்ச் மீனின் கறுப்புப் பட்டைகளை எண்ணலாம். அது இரையை வாய்க்குள் இழுத்துத் துப்புவதைக் கண்ணால் பார்க்கலாம். பதினைந்து சென்டிமீட்டர் வட்டத்துக்குள் பச்சை வெளிச்சம், அதற்குள் மெதுவாக ஒரு மீன் வந்து நிற்பது: எந்தத் திரையிலும் இது கிடைக்காது.

நேரடி சோனாரில் எனக்குள்ள பயம் காசு பற்றியது அல்ல. பேர்ச் மீனின் காற்றுப் பைக்கும் தொண்டைக்கும் வழி இல்லை. பத்து மீட்டர் ஆழத்தில் இருக்கும் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கிருந்து மளமளவென்று இழுத்தால் பைக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியும். வயிறு வாய்வழியே பிதுங்கி வரும். அப்படி வந்த மீனைத் திரும்ப விட்டாலும் பெரும்பாலும் பிழைக்காது. லேக் ட்ரவுட்டுக்கும் வைட்ஃபிஷுக்கும் அந்த வழி உண்டு. ட்ரவுட் மேலே வரும்போது, அதற்கு முன்னாலேயே துளையில் குமிழிகள் பொங்குவதைக் கவனித்திருப்பீர்கள். ஆழத்தில் ஒதுங்கி நிற்கும் பேர்ச் கூட்டத்தை முன்பு தற்செயலாகத்தான் கண்டுபிடிப்போம். இப்போது திரை காட்டிக் கொடுக்கிறது. சின்னதை விட்டுப் பெரியதைப் பொறுக்குவோம் என்று அங்கே இறங்கினால், விட்டதெல்லாம் செத்த மீன். முழு உரிமம் இருந்தால் சிம்கோவில் ஒரு நாளைக்கு ஐம்பது பேர்ச் வரை எடுக்கலாம். ஆழத்தில் என்றால் வந்ததை எடுத்துக்கொண்டு, சமையலுக்குப் போதும் என்றதும் நூலைச் சுருட்டுவதுதான் சரி. அத்தானிடமும் இதைச் சொன்னேன். இப்போது அவர் பதினைந்தோடு நிறுத்துகிறார்.

என் தேர்வு ஃப்ளாஷர். இடம் தேடும் வேலையை எனக்கே விடுகிறது, மீன் இல்லாத துளையில் மூன்று மணி நேரம் உட்காரவும் விடுவதில்லை. குளிரில் எந்தப் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். லித்தியம் பேட்டரி உறைநிலைக்குக் கீழே இருக்கும்போது சார்ஜ் போட்டால் கெட்டுப்போகும். வீட்டுக்குள் கொண்டுவந்து சூடு பிடித்த பிறகே போடுங்கள்.

கையில் பிடிப்பது

பழைய கைத்தடி என்பது ஒரு மரத்துண்டு, இரண்டு முளை, அதில் சுற்றிய தங்கூசி. ஊரில் கைத்தூண்டில் போட்டவர்களுக்கு அரை நிமிடத்தில் பழகிவிடும். கடிப்பது நேராக விரலுக்கு வரும். குறை என்னவென்றால், இருபத்தைந்து மீட்டர் ஆழத்திலிருந்து இழுத்த ஈர நூல் காலடியில் குவிந்து, பனியோடு உறைந்து சிக்கிவிடும். கையுறையும் நனையும். கைத்தடி ஆழமில்லாத இடத்துக்கு.

சாதாரண ஸ்பின்னிங் ரீல் நூலை முறுக்கும். முறுக்கேறிய நூலில் இரண்டு கிராம் தூண்டில் பம்பரம் மாதிரிச் சுற்றும். பேர்ச் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் இப்போது கப்பி போல நேராகச் சுழலும் இன்லைன் ரீல் வந்திருக்கிறது, நூல் முறுகாது. பழைய மரக் கைத்தடியில் கைக்குக் கை இழுத்தபோதும் நூல் முறுகியதில்லை. புதுமை இங்கே பழையதைத்தான் திரும்பப் பிடித்திருக்கிறது. வாங்கலாம், நல்ல சாமான்.

கொடித் தூண்டில், அதாவது டிப்-அப் விஷயத்தில் யோசிக்கவே வேண்டாம். துளையின் மேல் குறுக்கே ஒரு கட்டை, நூல் சுற்றிய சில்லு தண்ணீருக்குள்ளே இருப்பதால் உறையாது, மீன் இழுத்தால் கொடி எழும்பும். இப்போது கைபேசிக்குச் செய்தி அனுப்புகிற டிப்-அப் விற்கிறார்கள். இந்த ஏரி இருக்கும் ஒன்ராறியோ மாகாண விதிப்படி உங்கள் தூண்டிலிலிருந்து அறுபது மீட்டருக்குள் நிற்க வேண்டும், அது எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற கொடிக்குக் கைபேசி எதற்கு?

குடிலில் மட்டும் புதியது முழுதாக வென்றுவிட்டது. குடை மாதிரி விரிகிற கூடாரம் இரண்டு நிமிடத்தில் எழும்பும், சிறியது என்றால் பதிவும் வேண்டாம். மரக்குடிலைப் பதிந்து எண் எழுதி, மார்ச் 15க்குள் ஏரியிலிருந்து அகற்ற வேண்டும். ஆனால் காப்புத்துணி வைத்த கூடாரத்துக்குள் கேஸ் ஹீட்டர் எரிகிறது என்றால் காற்றுத் துவாரத்தை அடைக்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. இதற்கென்று ஒரு சின்ன அலாரம் கிடைக்கிறது. புதுச் சாமான்களில் நான் யாரையும் கட்டாயப்படுத்துகிற ஒன்று அதுதான்.

முதல் தடவை வருகிறவர் முந்நூறு டாலர் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். நான் கடைக்குக் கூட்டிப்போனால் இந்த வரிசையில்தான் எடுப்பேன்: அலவாங்கு, தண்ணீருக்குள் விழுந்தால் ஐஸில் குத்தி மேலே ஏறுவதற்குக் கழுத்தில் தொங்கவிடும் ஆணி வைத்த இரண்டு மரப்பிடிகள், ஆறு அங்குலக் கை ஓகர், துளையில் மிதக்கும் ஐஸை அள்ள ஒரு கண் கரண்டி, ஒரு சின்னத் தூண்டில் தடி, ஈயக்குண்டு. அந்த மரப்பிடிகளைச் சட்டைப்பைக்குள் வைக்காதீர்கள். தண்ணீருக்குள் விழுந்தவனின் கை, ஜிப்பைத் திறக்கும் நிலையில் இருக்காது. கோட்டுக்கு வெளியே, நெஞ்சுக்கு நேரே தொங்கட்டும்.