ஏன் என்று சொல்லித் தருகிற கர்ப்பிணிகள் கிளினிக்

தங்கச்சிக்குக் கர்ப்பகாலச் செக்கப் பெரும்பாலும் காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் பார்த்தோம். எடை, பிரஷர், ரத்தப் பரிசோதனை எல்லாம் இலவசம், அது தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது, அங்கே உள்ள நர்ஸம்மா எதைச் செய்யச் சொன்னாலும் ஏன் என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்.

இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள், எல்லா இடத்திலும் கொடுப்பதுதான். ஆனால் காபி, டீயோடு போட்டால் சத்து சரியாகச் சேராது, கால்சியம் மாத்திரையையும் கூடவே போடக் கூடாது என்று இவர் சொன்ன பிறகுதான் எங்கள் வீட்டில் காபி நேரமே மாறியது. முதலில் காட்டிய தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்ததோடு சரி. சர்க்கரைப் பரிசோதனைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து ரெண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள், 140-ஐத் தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை. இதற்கு வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை, அதனால் பஸ் பிடித்து வருகிறவர்களை இன்னொரு நாள் வா என்று திருப்பி அனுப்புவதும் இல்லை.

அப்புறம் சேனை. பிறந்த பிள்ளை நாக்கில் சர்க்கரைத் தண்ணி தொட்டு வைக்காமல் எப்படி என்று அப்பத்தா பிடிவாதமாக நின்றார். நர்ஸம்மா திட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தண்ணியில் கிருமி போகும், தேன் என்றால் ஒரு வயசு வரைக்கும் ஆகவே ஆகாது, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் என்று நிதானமாகச் சொன்னார். “எங்க காலத்துப் பிள்ளைக பொழைக்கலையா தாயி?” என்று அப்பத்தா கேட்டதற்கு, “பொழைச்ச பிள்ளைகளத்தான் நாம பாக்குறோம் அப்பத்தா, பொழைக்காததையும் சேத்து எண்ணிப் பாத்துத்தான் இத மாத்துனாங்க” என்றார். அப்பத்தாவுக்கே ரெண்டு பிள்ளை தவறியிருக்கிறது. அதற்கு மேல் அவர் சேனையைப் பற்றிப் பேசவில்லை.

குறை என்றால், உட்கார நாற்காலி போதாது, கர்ப்பிணிகள் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள். அதைவிடப் பெரிய குறை, இந்த நர்ஸம்மா லீவு என்றால் மாத்திரை மட்டும்தான் கைக்கு வரும், விளக்கம் வராது. தமிழ்நாட்டில் ஒரு தாய் இறந்தால்கூட ஏன் என்று விசாரித்துத் தணிக்கை செய்கிறார்கள், அதில் தெரிய வருவது ஒருத்தரின் பொறுமையை நம்பியா எங்களுக்கு வந்து சேர வேண்டும்? தாய் சேய் நல அட்டையிலேயே ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ரெண்டு வரி எங்கள் பேச்சில் அச்சடித்துக் கொடுக்கலாம்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வீட்டுப் பெரியவர் ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.